இரண்டு டார்ச், எட்டுப் பொத்தான்: ஆர்பிட்டல் மேடையேறிய விதம்

அவையோருக்கு வணக்கம்.

எல்லாவற்றையும் எந்திரமே வாசிக்கிறது என்றால் மேடையில் நிற்கிறவருக்கு என்ன வேலை? மின்னணு நடன இசை பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். அதற்குக் கையாலேயே பதில் சொன்னவர்கள் ஃபில் ஹார்ட்னோல், பால் ஹார்ட்னோல் என்ற அண்ணன் தம்பி. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து செவனோக்ஸ் பக்கத்துக்காரர்கள். குழுவின் பெயர் ஆர்பிட்டல்.

பெயரைக் கொடுத்தது ஒரு சாலை. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 வட்டச்சாலை, ஏறக்குறைய 188 கிலோமீட்டர். 1986-இல் முழுவதுமாகத் திறந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையொட்டிய வயல்வெளிகளிலும் கிடங்குகளிலும் 'ரேவ்' என்ற இரவு முழுக்க ஆடும் கூட்டங்கள் கிளம்பின. எங்கே நடக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் பதிவுசெய்த குரல் கடைசி நேரத்தில் வழி சொல்லும். அதுவரை கார்கள் வட்டச்சாலையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

1989-இல் வீட்டிலிருந்தபடியே 'சைம்' என்ற பாட்டைச் செய்தார்கள். பதிவானது அப்பாவின் கேசட் டெக்கில். இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஸ்டுடியோவில் தாளம் ஒரு தடத்தில், பாஸ் என்ற கீழ்ச்சுர ஒலி இன்னொரு தடத்தில் என்று பிரித்துப் பதிந்து, பிறகு ஆற அமர ஒலியளவைத் திருத்தலாம். கேசட் டெக்கில் இடது, வலது என்று இரண்டே தடம். டிரம் மெஷின், ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர், மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் எல்லாம் மிக்சருக்குள் போய்க் கலந்து அந்த இரண்டில்தான் இறங்கும். ஐந்தாவது நிமிடத்தில் கை தவறினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஆக, அந்தப் பதிவே ஒரு கச்சேரி. அவர்களுடைய மேடைக்கலை முழுக்க இங்கிருந்துதான் முளைத்தது என்பேன்.

அந்த டிசம்பரில் சிறிய வெளியீடாக வந்த பாட்டு, 1990-இல் எஃப்எஃப்ஆர்ஆர் என்ற இசைத்தட்டு நிறுவனம் எடுத்து வெளியிட்டதும் பிரிட்டிஷ் தரவரிசையில் 17-ஆம் இடம் பிடித்தது. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். அங்கே ஒலிநாடா ஓடும், கலைஞர் வாசிப்பதுபோலப் பாவனை செய்ய வேண்டும். அண்ணனும் தம்பியும் அப்போது நாட்டையே கொதிக்க வைத்த, ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரிக்கு எதிரான வாசகம் போட்ட டி-ஷர்ட்டில் போய் நின்றார்கள்.

இனி மேடைக்கு வருவோம். நடுநாயகம் அலிசிஸ் எம்எம்டி-8 என்ற சீக்வென்சர். தானாக ஒலி எழுப்பாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளையை, மின்னிசைக் கருவிகளை இணைக்கும் மிடி கம்பி வழியே மற்ற கருவிகளுக்கு அனுப்பும், அவ்வளவுதான். முகப்பில் எட்டுத் தடங்களுக்கு எட்டுப் பெரிய பொத்தான்கள். ஒன்றில் தாளம், ஒன்றில் பாஸ், ஒன்றில் மெட்டு. அழுத்தினால் அந்தத் தடம் ஊமை. மறுபடி அழுத்தினால் பேசும். பாட்டை ஆரம்பம் முதல் முடிவு வரை கோத்து வைக்கவும் அதில் வசதி உண்டு. அதை விட்டுவிட்டு, சின்னச் சின்னத் துண்டுகளைச் சுழலவிட்டு, எது எப்போது நுழைய வேண்டும் என்பதைக் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். ஆட்டம் சூடு பிடித்தால் இன்னும் 16 ஆவர்த்தனம் நீளும். தளர்ந்தால் தாளத்தை உருவிவிட்டு, ஏங்கவைத்துத் திரும்பக் கொடுப்பார்கள். தனி ஆவர்த்தனத்தை எப்போது முடிப்பது என்று மிருதங்க வித்துவான் எடுக்கும் முடிவும் இதே இனம்தானே!

இதில் சிக்கலும் உண்டு. மிடி கம்பியில் விநாடிக்கு 31,250 பிட் மட்டுமே போகும். ஒரு சுரத்தைத் தொடங்கும் கட்டளைக்கு மூன்று பைட், பைட்டுக்குத் தொடக்க, முடிவு அடையாளம் சேர்த்துப் பத்து பிட். கிட்டத்தட்ட ஒரு மில்லிவிநாடி. ஒரே கணத்தில் பன்னிரண்டு சுரம் வரச்சொன்னால் கடைசிச் சுரம் பதினொரு மில்லிவிநாடி தள்ளி விழும். தாளத்தில் அது தள்ளாட்டமாகக் கேட்கும். அதனால் டிரம்மின் கட்டளைகளை முதலில் அனுப்புவதும், சீக்வென்சரைக் கூட்டி வேலையைப் பிரிப்பதும் மின்னிசைக்காரர்களின் வழக்கம்.

பழைய சாம்ப்ளரில் இன்னொரு தொல்லை: வேகமும் சுருதியும் ஒட்டிப்பிறந்தவை. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் எடுத்த துண்டை 125-க்குப் பொருத்தினால் சுருதி ஒரு அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். பாஸை அதற்கேற்ப நகர்த்தாவிட்டால் அபசுரம்.

மேடை இருட்டு, பொத்தானோ சின்னது, இரண்டு கையும் வேலையில். அதற்குத்தான் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் இரு ஓரத்திலும் சின்ன டார்ச். தலை திரும்பும் பக்கம் வெளிச்சம். வசதிக்காகப் போட்டதே பிறகு அவர்களின் முகமுத்திரை ஆகிவிட்டது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவை 1994-இல் முதன்முறையாக சானல் 4 ஒளிபரப்பியபோது, கிட்டார் கூட்டத்துக்கு நடுவே இருட்டில் நான்கு விளக்குப் புள்ளிகள் ஆடுவதை நாடே பார்த்தது.

இசைத்தட்டுகளில் குறும்புக்கும் குறைவில்லை. தலைப்பில்லாத முதல் தட்டைப் பச்சை என்றும், 1993-இல் வந்த இரண்டாவதைப் பழுப்பு என்றும் ரசிகர்கள் அழைத்தார்கள். முதல் தட்டைத் திறந்துவைத்த அதே பேச்சுக்குரல்தான் இரண்டாவதன் தொடக்கத்திலும். தட்டு மாறிவிட்டதோ என்று கேட்பவர் குழம்பும்போதே அந்தக் குரல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பிந்தி, விலகும். கணக்கு எளிது. உதாரணத்துக்கு, ஒரு சுழல் 2 விநாடி, மற்றது 2.02 விநாடி என்று வையுங்கள். 202-ஆவது விநாடியில்தான் இரண்டும் மீண்டும் கைகோக்கும்.

1994-இல் பிரிட்டனில் வந்த குற்றவியல் நீதிச் சட்டம் ரேவ்களைக் குறிவைத்து, 'திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள்' என்பதைச் சட்டமொழியிலேயே எழுதிவைத்தது. இசைக்கு இப்படி ஒரு இலக்கணம் எழுத வழக்கறிஞர்களால்தான் முடியும். ஆர்பிட்டலின் பதில், அந்த மசோதாவின் பெயரையே சூட்டி வெளியிட்ட சில நிமிட மௌனம். தாள அடியே இல்லையே, எதை வைத்து வழக்குப் போடுவார்கள்?

1996-இன் 'இன் சைட்ஸ்' அவர்களின் உச்சம் என்பது என் கணிப்பு. அதற்குப் பின் வந்தவற்றில் ஏற்ற இறக்கம் அதிகம். 2004-இல் பிரிந்தார்கள், 2009-இல் சேர்ந்தார்கள். 2012-இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் குரலோடு வாசித்தார்கள். 2014-இல் மறுபடி பிரிவு, 2017-இல் மறுபடி சேர்க்கை, 2023-இல் 'ஆப்டிகல் டிலூஷன்'.

மேடையில் அவர்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது என்பதற்கு 'ஹால்சியன்' பாட்டே சாட்சி. தூக்க மாத்திரையில் சிக்கித் தவித்த தாயை நினைத்துச் செய்த, மிதக்கிற மெட்டு அது. அதன் நடுவில் பான் ஜோவியின் ராக் பாட்டையும் பெலிண்டா கார்லைலின் பாப் பாட்டையும் மாறிமாறிச் செருகுவார்கள். கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த கூட்டம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கைதூக்கிச் சேர்ந்து பாடும்.