ஆணி இல்லாத வீடும் நம் பழைய லயமும்
(மலேசியாவின் சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பல நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் பகுதித் தாய்மார்களே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். பட்டியலை எழுதியவன் நான் அல்லன்.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்றார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன்: மலாய்க் கம்பத்துப் (கிராமத்துப்) பலகை வீடு, அதிலிருந்த சாமான்கள், நம் ரப்பர்த் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடு.

கம்பத்து வீடு தூண்மேல் நிற்பது. வெள்ளம் அடியில் ஓடிவிடும்; தரைப்பலகை இடுக்கில் காற்று மேலேறும். முன்னால் செராம்பி என்னும் திண்ணை, நடுவில் ரூமா இபு என்னும் முதன்மை வீடு, பின்னால் சமையலறை. நீப்பா என்னும் பனைவகை ஓலையில் கூரை. மரத்தில் துளையிட்டு, பொருத்தி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். பக்கத்துக் கோலகங்சாரில் இஸ்தானா கெனாங்ஙானைப் போய்ப் பாருங்கள். 1926இல் கட்டிய அரண்மனை. வரைபடமும் இல்லை, ஆணியும் இல்லை. சுவர் மூங்கில் பின்னல். வீட்டைக் கட்டிப்பார் என்றவன் அதைப் பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பான்.

இந்த வீடுகளைத் தூக்கிக்கொண்டும் போவார்கள். என் அப்பா தோள் கொடுத்த கதை இது. கம்பத்தில் ஒரு மாக்சிக்கின், அதாவது மலாய் அம்மாவின், வீட்டை ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு மாற்ற வேண்டும். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடித்து நம்மவர்களும் போனார்கள். மாக்சிக் இறங்க மறுத்துவிட்டார். அடுப்பில் சோறு வேகிறதாம். சரி, அவரோடு தூக்குவோம் என்று மூங்கிலைக் கட்டினார்கள். மலாய்க்காரர்கள் 'சத்து, டுவா, தீகா' என்று எண்ணி, தீகாவிலேயே தூக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் மூன்று சொல்லி முடித்து, 'ஏலேலோ' சொன்ன பிறகுதான் தூக்குவோம் என்று நின்றார்கள். வீடு ஒரு பக்கம் எழும்பியது! உள்ளே தட்டு உருள்கிறது, பூனை குதித்து ஓடுகிறது, மாக்சிக் ஜன்னல் வழியே கரண்டியை நீட்டி இரண்டு மொழியிலும் திட்டுகிறார். தமிழ்த் திட்டை யார் கற்றுக்கொடுத்தது என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. ஒருவழியாக மேட்டில் இறக்கினால் வாசல் காட்டைப் பார்த்து நிற்கிறது. மறுபடியும் தூக்கித் திருப்பினார்கள். சோறு மட்டும் குழையவில்லையாம்.

சாமான்களுக்கு வருவோம். தாழம்பாய், டிரங்குப் பெட்டி, அம்மி... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஊர்க்கோடியில் ஒரே ஒரு பலகை லயம் மிச்சமிருக்கிறது. தகரம் துருப்பிடித்திருக்கிறது, தூண்கள் உறுதியாக நிற்கின்றன. லயத்து வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மழை ஒழுகியது, கக்கூஸ் தூரத்தில் இருந்தது. அதனால்தான் அது நிற்க வேண்டும் என்கிறேன். பேரப்பிள்ளை உள்ளே போய், இந்த ஓர் அறையிலா இத்தனை பேர் படுத்தீர்கள் என்று கேட்கட்டும். பழைய கட்டடங்களைக் காக்கத் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மனுப் போட வேண்டியது நாம். இது அமைச்சராக இருந்த தலைவர் துன் சம்பந்தனின் ஊர். ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். நமக்கு ஒரு லயத்துக்குக் கூரை மாற்ற முடியாதா? வீட்டைக் கட்டிப்பார் என்று நான் கேட்கவில்லை. கட்டிய வீட்டைக் காத்துப்பாருங்கள்.

மாண்புமிகு அவர்கள் முதல் கையெழுத்தைப் போடுவதாக மேடையிலேயே தலையசைத்தார், எல்லாரும் பார்த்தீர்கள். மனு வாசலில் இருக்கிறது. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.