இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்: நேயர் கேள்விக்கு விளக்கம்

மன்னார்குடியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “இராமானுஜனின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போனதாகச் சென்ற காணொளியில் சொன்னீர்கள். அது எந்த எண்? அதற்கு அப்படி என்ன சிறப்பு?”

அந்த எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்கிறோம். நம் தஞ்சைச் சீமைக் களத்துமேட்டில் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று நெல் அளந்தார்களே, அந்தப் 12-உம் இந்த வகைதான். 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு ஆறு காரணிகள். 11 வரையுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் கிடையாது. அதனால்தான் கலத்தைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ காலாகவோ பங்கிட்டாலும் மரக்கால் கணக்கு பின்னமாவதில்லை.

நம் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ அறவே விட்டுவிடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம் என்பதால் அதற்கு மட்டும் ஏழு வழிகள் உள்ளன. மற்றவற்றுக்கும் இப்படியே கணக்கிட்டுப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள். 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும், 23-ஆல் வகுபடாது.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஏறாமல் இறங்கி வருவதைக் கவனியுங்கள். சிறிய பகா எண்ணுக்குக் குறைந்த அடுக்கும் பெரியதற்குக் கூடிய அடுக்கும் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிய உடனே காரணிகளின் எண்ணிக்கை மாறாமல் எண் மட்டும் சிறியதாகிவிடும். ஆகவே உயர் பகு எண் எதிலும் அப்படி நேராது.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன், 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் 6746328388800 வரை 102 உயர் பகு எண்களைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணையாகத் தந்தார். அதில் 4608 காரணிகள் கொண்ட 195545750400-க்கு அடுத்து, 5376 காரணிகள் கொண்ட 321253732800 வந்துவிடுகிறது. நம் எண் இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதாலும், 5040 என்பது 4608-ஐவிட அதிகம் என்பதாலும், இடையில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அது இதுவேதான் என்று சொல்லத்தான் நடுவிலுள்ள மற்ற எண்களையும் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஒன்று தவறியதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 5040-உம் ஓர் உயர் பகு எண். அதற்குக் காரணிகள் 60. அந்த 60-உம் அப்படியே. அதற்குக் காரணிகள் 12, நம் கலத்து மரக்கால்.