லோ ஃபீல்டு எம்ஆர்ஐ: வயித்துக்கு காயில் சுத்தறது ஏன் தலைவலி?

வணக்கம் மக்களே, ரிச்சி ஸ்ட்ரீட்ல எடைக்கு விக்கற காப்பர் கம்பி இருக்குல்ல, கிட்டத்தட்ட அதே கம்பியை வச்சு மனுஷன் வயித்துக்குள்ள இருக்கற புரோட்டானை எப்படி ஆட்டி வைக்கறாங்கன்னு இன்னிக்கு பாப்போம். லோ ஃபீல்டுன்னா காந்தத்தோட பலம் கம்மியான எம்ஆர்ஐ ஸ்கேன் மிஷின், அந்த கம்பியை சுத்தின காயில்தான் ரேடியோ அலையை வயித்துக்குள்ள அனுப்புது.

(திரையில்: வயிறு ஸ்கேன், நடுவுல கருப்பு திட்டு)

3 டெஸ்லா மிஷின்ல (டெஸ்லாங்கறது காந்தப்புலத்தோட பலத்தை அளக்கற யூனிட்) அந்த ரேடியோ அலையோட ஃப்ரீக்வென்ஸி சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். உடம்புக்குள்ள அந்த அலையோட நீளம் சுருங்கி கிட்டத்தட்ட வயிறு அகலத்துக்கே வந்துடுது, அதான் படத்துல அங்கங்க இருட்டடிக்குது. லோ ஃபீல்டுல 50 மில்லிடெஸ்லாவுக்கு இறங்கிட்டா வெறும் 2.1 மெகாஹெர்ட்ஸ், நம்ம சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ்ல வருதே அதுக்கு மூணு மடங்கு, அவ்ளோதான். இருட்டு பிரச்சனை காலி, உடம்பு சூடாகற பயமும் ரொம்ப கம்மி.

அப்ப என்னதான் பிரச்சனை? பெரிய மிஷின்ல பவரை தின்னறது உடம்பு, இங்க காயிலே தின்னுடும். அதனால காயிலோட வடிவம்தான் எல்லாமே. ஹால்பாக் மேக்னட்ல, அதாவது நிறைய நிரந்தர காந்தங்களை வளையமா அடுக்கின மேக்னட்ல, காந்தப்புலம் உடம்புக்கு குறுக்கால போகுது, அதனால சாலினாய்டு மாதிரி, அதாவது ஸ்ப்ரிங் கணக்கா, இடுப்பை சுத்தியே கம்பியை சுத்திடலாம், வட்டமா இல்லாம வயிறு மாதிரி நீள்வட்டமா சுத்தினா இன்னும் நல்லது. குதிரை சேணம் மாதிரி வளைச்ச சேடில் காயிலை விட சாலினாய்டு ஏறக்குறைய மூணு மடங்கு தேவலைன்னு ஹோல்ட், ரிச்சர்ட்ஸ்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க 1976லயே கணக்கு போட்டு காட்டிட்டாங்க, அது சிக்னல் வாங்கறதுக்கு போட்ட கணக்குதான், ஆனா நல்லா கேக்கற காயில் நல்லாவே பேசும்.

(திரையில்: கம்பிச்சுத்துக்கு நடுவுல கெப்பாசிட்டர், க்ளோசப்)

கம்பி நீளமாச்சுன்னா வோல்டேஜ் எகிறும், அந்த எலக்ட்ரிக் ஃபீல்டு வயித்துக்குள்ள கசியும், ஒல்லியா இருக்கறவர் எழுந்து போய் குண்டா இருக்கறவர் வந்து படுத்தா ட்யூனிங், அதாவது காயில் ஒத்து அதிரற ஃப்ரீக்வென்ஸி, ஓடிடும். அதுக்குத்தான் கம்பியை அங்கங்க வெட்டி நடுவுல கெப்பாசிட்டர் வைக்கறாங்க. கெப்பாசிட்டர் கடையில வாங்கும்போது ஒரு சின்ன காந்தத்தை பக்கத்துல கொண்டு போய் பாருங்க, சாதா கெப்பாசிட்டர் நிறைய டக்குனு ஒட்டிக்கும், முனையில நிக்கல் பூச்சு இருக்கும், அது இங்க ஆகாது. வெளிய சுத்தற காப்பர் ஷீல்டையும் காயிலை விட்டு கொஞ்சம் தள்ளியே வைங்க, ஒட்டி வச்சா ஃபீல்டை அதுவே முழுங்கிடும்.

இவ்ளோ பண்ணி லாஸை குறைச்சா க்யூ (காயில் எவ்ளோ கம்மியா பவரை வீணாக்குதுன்னு சொல்ற எண்) ஏறிடும், அங்கதான் சிக்கல். க்யூ 200ன்னா பேண்ட்விட்த், அதாவது காயில் நல்லா வேலை செய்யற ஃப்ரீக்வென்ஸி அகலம், 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான், வயிறோ பெருசு, மேக்னட்டும் அவ்ளோ சீரா இருக்காது, ஓரத்துல இருக்கற புரோட்டானுக்கு பல்ஸ் சரியா போய் சேராது. என்னை கேட்டா ஒரு ரெசிஸ்டரை போட்டு க்யூவை இறக்கிட்டு ஆம்ப்ளிஃபயரை பெருசா வாங்கிடலாம், இந்த ஃப்ரீக்வென்ஸிக்கு அது ஒண்ணும் அபூர்வமான சாமான் இல்ல, வீணாகற பவரும் ரெசிஸ்டரைத்தான் சுடும், படுத்திருக்கறவரை இல்ல.