வாங்கியது வாழவைக்கவா?

நடுவர் அவர்களே, வணக்கம். பெரிய கேம் நிறுவனங்கள் ஸ்டுடியோக்களை வாங்குவது வாழவைக்கவா, வீழ்த்தவா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எதிரணி நண்பர், ஏதோ பெண்ணை வசதியான இடத்தில் கட்டிக்கொடுத்த மாதிரி, இனி ஸ்டுடியோவுக்குச் சம்பளக் கவலையே இல்லை என்று உருகி உருகிப் பேசினார். டபுள் ஃபைன் என்ற ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் 2019இல் வாங்கியதால்தான், அதன் சைக்கோநாட்ஸ் 2 ஆட்டத்தில் வெட்டியிருந்த பாஸ் சண்டைகள், அதாவது பெரிய வில்லன்களோடு மோதும் கட்டங்கள், திரும்ப வந்தன என்றார். சரி, உண்மைதான். அதே வீட்டில் இன்னொரு மருமகள் இருந்தாளே, அவள் பேச்சை ஏன் எடுக்கவில்லை?

டோக்கியோவில் கேம் இயக்குநர் ஷின்ஜி மிகாமி 2010இல் தொடங்கிய டேங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவைத்தான் சொல்கிறேன். அதே ஆண்டு ஜெனிமேக்ஸ் என்ற அமெரிக்க கேம் நிறுவனம் அதை வாங்கியது, 2021இல் அந்த ஜெனிமேக்ஸையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. புகுந்த வீட்டையே வேறு ஆள் விலைக்கு வாங்கிவிட்டார், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023 ஜனவரியில் முன்விளம்பரமே இல்லாமல், அறிவித்த அன்றே டேங்கோவின் ஹை-ஃபை ரஷ் ஆட்டம் வெளியானது. எல்லா அளவுகோலிலும் வெற்றி என்று மைக்ரோசாஃப்ட்டின் கேம் பிரிவான எக்ஸ்பாக்ஸ் தரப்பே மார்தட்டியது, 2024 ஏப்ரலில் அனிமேஷனுக்காக பிரிட்டனின் பாஃப்டா விருதும் வந்தது. அடுத்த மாதமே, மே 7ஆம் தேதி, டேங்கோவை மூடப்போவதாக மின்னஞ்சல் வந்தது! அனுப்பியவர் எக்ஸ்பாக்ஸ் ஸ்டுடியோக்களின் அப்போதைய தலைவர் மேட் பூட்டி. பெயரைப் பார்த்தாவது அவர்கள் உஷாராகியிருக்கலாம். கூத்து என்னவென்றால், மதிப்பும் விருதும் வாங்கித் தருகிற சிறிய ஆட்டங்கள் நமக்கு வேண்டும் என்று மறுநாளே அவர் ஊழியர்களிடம் பேசியதாகச் செய்தி வந்தது. நேற்று மூடியது வேறு என்னவாம்?

ஆட்டம் ஓடவில்லை என்றால் மூடத்தானே செய்வார்கள் என்று எதிரணி கேட்கும். அன்று சேர்த்து மூடிய இன்னொரு ஸ்டுடியோவான ஆர்க்கேன் ஆஸ்டினின் ரெட்ஃபால் ஆட்டம் ஓடவில்லை, அது தெரிந்ததே. ஓடியவர்களுக்கும் அதே கதிதான் என்றால் ஒரு ஸ்டுடியோ எதைச் செய்து தப்பிப்பது?

இது புதுப் பழக்கமும் இல்லை. ஈஏ என்ற அமெரிக்க கேம் நிறுவனம் 1998இல் 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வெஸ்ட்வுட் ஸ்டுடியோவை வாங்கி, 2003இல் மூடியது. வெஸ்ட்வுட்டின் புகழ்பெற்ற ஆட்டமான கமாண்ட் அண்ட் கான்கர் என்ற பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது.

டேங்கோ கதை இன்னும் முடியவில்லை ஐயா. மூன்றே மாதத்தில், ஆகஸ்டில், தென் கொரியாவின் கிராஃப்டன் கேம் நிறுவனம் அந்த அணியையும் ஹை-ஃபை ரஷ் உரிமையையும் வாங்கிக்கொண்டது. ஒன்றுக்கும் உதவாதது என்றால் கிராஃப்டன் ஏன் பணத்தைக் கொட்டுகிறது? ஆனால் டேங்கோ உருவாக்கிய தி ஈவில் விதின் என்ற திகில் ஆட்டத்தின் உரிமை மைக்ரோசாஃப்ட்டிடமே தங்கிவிட்டது. நகையைக் கழற்றி வைத்துக்கொண்டு பெண்ணை வாசலில் விட்ட வீட்டைத்தான் நண்பர் நல்ல இடம் என்கிறார், நடுவர் அவர்களே.