தையல் அறையில் தொடங்கிய பள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

யூதத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் என் நினைவுக்கு வந்தவர், போலந்தின் கிராக்கோ நகரில் துணி தைத்துப் பிழைத்த சாரா ஷெனிரர். 1883இல், ஹசிடியம் என்னும் யூத பக்தி இயக்கத்தைப் பின்பற்றிய குடும்பமொன்றில் அவர் பிறந்தபோது அந்நகரம் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. யூதச் சிறுவர்கள் வேதம் படிக்க ஹெடர் என்னும் திண்ணைப்பள்ளி போன்ற இடங்களுக்குச் செல்ல, சிறுமிகளோ கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசுப் பள்ளிக்குச் சென்றார்கள். அதனால் போலிஷ் இலக்கியம் அவர்களுக்கு அத்துப்படியாயிற்று. சொந்த மறைநூல் அந்நியமாயிற்று. வகுப்புத் தோழிகள் சாராவைக் கேலியாகக் 'குட்டி ஹசிட்' என்றே அழைத்தார்கள்.

பிறகு தையல் தொழில். உடை சரியாகப் பொருந்துகிறதா என்று தம் வாடிக்கையாளர்கள் நுணுகிப் பார்ப்பதைக் கண்டு, உடம்புக்கு இவ்வளவு அக்கறை காட்டும் இவர்களுடைய ஆன்மாவுக்கு ஆடை தைப்பார் யாருமில்லையே என்று அவர் ஏங்கினார். முதல் உலகப் போரில் அகதியாக வியன்னா சென்றிருந்தபோது, யூதர்களின் ஒளித் திருநாளான ஹனுக்கா பண்டிகையன்று யூதித் என்னும் வீரப்பெண்ணைப் பற்றி ரபி, அதாவது யூத மதகுரு, ஃபிளெஷ் ஆற்றிய உரை அவரை உலுக்கியது.

ஊர் திரும்பியதும் இளம்பெண்களைக் கூட்டிப் பேசினார். அவர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அந்தத் தோல்விதான் அவரை ஆசிரியை ஆக்கியது என்பேன். வளர்ந்தவர்களை விட்டுவிட்டு, 1917இல் தம் தையல் அறையிலேயே 25 சிறுமிகளை உட்காரவைத்தார்; அவர் உடை தைத்துக் கொடுத்த பிள்ளைகள்தாம் அவர்கள். பெண்களுக்கு மறைநூல் கற்பிப்பதைப் பெரியவர்கள் பலர் ஏற்காத காலம் அது என்பதால், சகோதரருடன் சென்று, பெல்ஸ் ரெபி எனப்பட்ட ஹசிடியத் தலைவரிடம் அனுமதி கேட்டார். ஆசியும் வெற்றியும் உண்டாகுக என்று ரெபி வாழ்த்தினார்.

'பெய்ஸ் யாக்கோவ்', அதாவது யாக்கோபின் வீடு, என்ற பெயரில் அப்பள்ளிகள் ஊர் ஊராகப் பெருக, ஆசிரியைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பதின்வயது மாணவிகளையே பயிற்றுவித்துத் தொலைவூர்களுக்கு அனுப்பினார். அவரைப் பெண் விடுதலைப் போராளி என்று சிலர் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை; மரபைக் காக்கவே அவர் புறப்பட்டார், ஆனால் அதற்காக மரபு மூடிவைத்திருந்த கதவொன்றைத் திறக்க வேண்டியிருந்தது. கண்டிப்பைவிட மகிழ்ச்சியையே நம்பியவர். மாணவிகளை மலைப்பகுதிகளுக்கு அழைத்துச் சென்று அவர்களோடு கைகோத்து ஆடியவர். தமக்குப் பிள்ளைகள் இல்லாத அவரை மாணவிகள் தாயாகவே கருதினார்கள்.

1935இல் அவர் மறைந்தபோது பள்ளிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியிருந்தது. அவரை அடக்கம் செய்த இடுகாட்டின் மீது நாஜிகள் பின்னர் பிளாஷோவ் வதைமுகாமை எழுப்பினார்கள். அங்கே இன்று நிற்கும் கல்லறைக்கல், போருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக நடப்பட்டது.