வேட்டை முடியும் முன்பே வெட்டுங்கள்

[காட்சி: புல்வெளி. அசையாமல் நிற்கும் மான். அதன் காது மட்டும் திரும்புகிறது. இசை இல்லை.]

இந்தக் காதைப் பாருங்கள். மானுக்கு ஏதோ கேட்டுவிட்டது. என்னவென்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் கண்ணை எடுக்க முடியவில்லை. காட்டுயிர் ஆவணப்படத்துக்கு 60 நொடி டீசரைத் தொகுக்கும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குவேன், பாய்ந்தோடும் சிவிங்கிப்புலியிலிருந்து அல்ல.

[காட்சி: எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன். ஓட்டக் காட்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன.]

பல நாள் காத்திருந்து எடுத்த பதிவு கையில் இருக்கும்போது, வேகமான ஷாட்களை எல்லாம் அள்ளி அடுக்கத்தான் கை போகும். அடுக்கிப் பாருங்கள், பத்தாவது நொடியிலேயே ஓட்டம் ஓட்டமாகத் தெரியாது. அதனால் முதல் சுற்றில் அசைவற்ற தருணங்களைத்தான் குறித்துவைக்கிறேன். மூச்சில் ஏறி இறங்கும் விலா, பாதி தூக்கிய முன்னங்கால், புல்லுக்கு மேல் தெரியும் இரண்டு கண்கள். பின்னால் வரும் பாய்ச்சலுக்கு வேகம் கொடுப்பவை இவைதான்.

[காட்சி: மானின் முகம். வெட்டு. அசையும் புல்.]

இந்த இரண்டு ஷாட்களும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஆனாலும் மான் அந்தப் புல்லைப் பார்க்கிறது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி இணைத்து, ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைச் செய்துகாட்டினார்.

இந்த வல்லமை எனக்கு அச்சமும் தருகிறது. 1958-இல் வெளியான 'ஒயிட் வில்டர்னஸ்' ஆவணப்படத்தில் லெம்மிங் எலிகள் கூட்டமாகப் பாறையிலிருந்து கடலில் குதிப்பதுபோல் ஒரு காட்சி வரும். அவை தாமாகக் குதிக்கவில்லை, படக்குழுவினர் தள்ளிவிட்டார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு வேறு நேரங்களை நான் ஒட்டுவேன். ஆனால் தப்பித்த மானைப் பிடிபட்டதுபோல் ஒருபோதும் வெட்ட மாட்டேன்.

[காட்சி: ஒலி அலைகள், பெரிதாக.]

வெகு தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுப்பதால் காலடியோசை மைக்கில் விழுவதில்லை. பெரும்பாலும் அதை ஒலிக்கூடத்தில் உருவாக்கித்தான் சேர்க்கிறார்கள். புல்லின் சரசரப்பை, விலங்கு தெரிவதற்கு 8 ஃபிரேம், அதாவது 8 தனிப்படங்கள், முன்பே கேட்கவிடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், அது நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் பார்ப்பவரின் உடல் விறைத்துவிடும். இசையைக் கடைசியில் சேருங்கள்; முதலிலேயே போட்டால் பலவீனமான வெட்டுகளை அது மறைத்துவிடும்.

நொடிக்கு 100 ஃபிரேமில் எடுத்ததை 25-இல் ஓடவிட்டால் ஒரு நொடி நான்கு நொடியாக நீளும். அந்த நீட்சியை ஒரே ஓர் இடத்தில்தான் செலவழிப்பேன்.

[காட்சி: மெதுவாக, விரிந்த முன்பாதம். மானின் பின்னங்கால். இடையே ஒரு கை அகலம்.]

இங்கே வெட்டுங்கள். பாதம் படும்போது அல்ல, பட்ட பிறகும் அல்ல. பிறகு அந்த வெட்டை இன்னும் 6 ஃபிரேம் முன்னதாக நகர்த்திப் பாருங்கள்.

[காட்சி: கறுப்புத் திரை. இரண்டு நொடி மூச்சொலி மட்டும்.]

யாருடைய மூச்சு என்று சொல்லிவிடாதீர்கள். படத்தின் பெயர் இப்போது வரட்டும்.