வேலியே பயிரை மேய்ந்தால்

தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்ற தம்பி, பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் முக்கூடல் அக்கா தங்கைகளே, வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சரி.

மூன்று விஷயம் பேச வந்தேன். முடக்குவாதம் ஏன் வருகிறது, ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது, என்ன சாப்பிடலாம்.

முதலாவதற்கு ஒரு பழமொழி போதும்: வேலியே பயிரை மேய்ந்த கதை. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டின் உள்சவ்வையே அடிக்கிறது. வயதானால் வரும் தேய்மானம் வேறு. இது முப்பது நாற்பதிலேயே வரும், பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

என் மதினிக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு நாள் இலை வெட்டும் கத்தரிக்குள் விரல் நுழையவில்லை. வாயு என்று பூண்டு தின்றாள், குளிர் என்று தைலம் தேய்த்தாள். கடைசியில் சந்தையில் ஒருவர் பெயரில்லாத பொடியைப் பொட்டலம் கட்டி விற்றார். மூன்றாம் நாள் மதினி அம்மியில் சட்னி அரைத்தாள்! தெருவே பொட்டலம் வாங்கப் போனது. இரண்டு மாதத்தில் முகம் உருண்டு கன்னம் பளபளத்தது. கல்யாண வீட்டில் ஆளாளுக்கு, “ஏளா, நல்லா சதை வச்சிட்டியே, என்னளா சாப்பிடுத?” என்றார்கள். மதினிக்குப் பெருமை. தன் சம்பாத்தியத்தில்தான் தேறினாள் என்று அண்ணனுக்கு அதைவிடப் பெருமை. அப்புறம் பார்த்தால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. பயந்துபோய்ப் பொடியை நிறுத்தினாள், விரல்கள் முன்னைவிட மோசமாக வீங்கின. டாக்டர் கையைத் தொடவே இல்லை, முகத்தைப் பார்த்ததும், “என்ன பொடிம்மா சாப்பிட்டீங்க?” என்றார். ஸ்டீராய்டு கலந்த பொடி உப்ப வைத்த முகம் அது.

ஸ்டீராய்டை நான் திட்டவில்லை. 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, நடக்கவே முடியாதிருந்த ஒரு பெண்ணைச் சில நாளில் நடக்க வைத்தார். 1950-இல் அதற்கு நோபல் பரிசு. பக்கவிளைவெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. இன்று மதினி சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்திய குற்றத்துக்கு அவருக்கு எம்.பி.பி.எஸ். தராமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம் தந்து அனுப்பினார்கள். புற்றுநோய்க்கென்று பிறந்த மருந்தை, 1988-இல் அமெரிக்கா முடக்குவாதத்துக்கும் அனுமதித்தது. வாரத்துக்கு ஒரு நாள்தான், தாய்மார்களே! தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

பயிரை மேயும் வேலியைத் தடுத்து நிறுத்தவும் உடம்பில் காவல் செல்கள் உண்டு என்று கண்டுபிடித்த சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் கொடுத்தார்கள். அதிலிருந்து மருந்து வர நாளாகும். நமக்கு இருக்கிற மருந்தே முதல் சில மாதங்களுக்குள் கிடைத்தால் விரல் கோணாமல் தப்பிக்கலாம்.

அதற்குத்தான் விடாமல் கேட்கிறேன். ஒவ்வொரு வட்டத் தலைநகர் அரசு மருத்துவமனைக்கும் வாரம் ஒரு நாள் மூட்டுவாத மருத்துவர் வரவேண்டும். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால் அன்றைக்குப் பீடி சுற்றுவது போச்சு, கூலியும் போச்சு. கூலியை நினைத்துத்தானே பொட்டலம் வாங்குகிறார்கள்? வேலி மேய்கிறது என்று தெரிந்தபிறகும் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாமா? பேரூராட்சித் தலைவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டு விஷயம் அடுத்த கூட்டத்தில். மனு வாசலில் மேஜைமேல் இருக்கிறது. பேனா பிடிக்க முடியாதவர்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம், கைநாட்டும் செல்லும். போகும்போது போட்டுவிட்டுப் போங்கள்.